வாசகர் தட்டிய சொல்லும் தேடிய பொருளும்: நூலகத் தேடலை ஆராய்ந்து அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கல்லூரி நூலகத்தில், நூற்பட்டியல் கணினிக்கு முன்னால் ஒரு மாணவி உட்கார்ந்திருந்தார். சிவகங்கைப் பக்கத்துப் பெண். தேடல் பெட்டியில் 'கண்மாய்' என்று தட்டினார். ஒன்றும் வரவில்லை. அதையே ஆங்கில எழுத்தில் தட்டிப் பார்த்தார், அதற்கும் இல்லை. கடைசியில் வெறுமனே 'நீர்' என்று போட்டார். நீரிழிவு, நீர்ப்பறவை, நீர்மூழ்கிக் கப்பல் என்று பக்கம் பக்கமாகக் கொட்டியது. எழுந்து போய்விட்டார். அவருக்கு வேண்டிய புத்தகங்கள் நாலு அலமாரி தள்ளித்தான் இருந்தன. அவற்றின் தலைப்பில் 'ஏரி' என்று இருந்தது.

யார் என்ன தட்டினார்கள் என்று கணினி தானே எழுதி வைக்கும் லாக் கோப்பில் இதற்கு மூன்று வரிகள்தான் பதிவாகியிருக்கும். மூன்று தேடல், கிளிக் எதுவும் இல்லை.

ராபர்ட் டெய்லர் என்ற அமெரிக்க நூலகவியலாளர் 1968-ல் இதைப் பற்றி எழுதினார். ஒருவர் மனதில் கேள்வி நான்கு நிலைகளைக் கடந்து வருகிறது என்றார். முதலில் சொல்லத் தெரியாத ஒரு தேவை. அடுத்து மனதுக்குள் தெளிவில்லாமல் உருவாகும் கேள்வி. பிறகு வார்த்தையாக அமைந்த கேள்வி. கடைசியில், 'இந்த நூலகத்தில் இப்படிக் கேட்டால்தான் கிடைக்கும்' என்று நினைத்துச் சமரசம் செய்துகொண்ட கேள்வி. தேடல் பெட்டிக்கு வந்து சேர்வது அந்த நாலாவது மட்டும்தான். அந்த மாணவியின் 'நீர்' அப்படிப்பட்ட ஒரு சமரசம். அதிலிருந்து பின்னோக்கிப் போய் முதல் தேவையைக் கண்டுபிடிப்பதும், அதற்கு நம் அமைப்பு எவ்வளவு பதில் சொல்கிறது என்று அளப்பதும்தான் இங்கே நான் சொல்லப்போகும் வேலை. கல்லூரி நூலகத்தை வைத்துத்தான் சொல்கிறேன். மின்னூலகம், அலுவலக ஆவணக் கிடங்கு, கடையின் இணையதளம் என்று எதற்கும் வழி இதேதான். செலவு பெரிதாக இல்லை. ஒரு விரிதாள், ஒரு நோட்டுப் புத்தகம், ஓரிரு மாதப் பொறுமை போதும்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

'எங்கள் தேடல் நன்றாக இருக்கிறதா?' என்று ஆரம்பித்தால் எங்கேயும் போய்ச் சேர மாட்டீர்கள். நூலகத்துக்கு வருபவர்கள் இரண்டு வகையாகத் தேடுகிறார்கள். ஒருவருக்குப் புத்தகம் எது என்று தெரியும், எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. இன்னொருவருக்குப் பொருள் மட்டும் தெரியும், அதைப் பற்றி என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வருகிறார். முதலாமவருக்கு ஒரே ஒரு சரியான விடை மேலே வந்தால் போதும். இரண்டாமவருக்கு நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி கண்ணில் பட வேண்டும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால் இரண்டுமே தவறாகத் தெரியும். (இணையத் தேடலுக்குக் கணினி அறிவியலாளர் ஆந்த்ரே பிராடர் 2002-ல் மூன்று வகை சொன்னார்: ஒரு தளத்துக்குப் போவது, தகவல் அறிவது, ஒரு காரியத்தை முடிப்பது. உங்களுடையது இணையதளம் என்றால் அந்த மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: 'தமிழ்ப் பொருள்தேடலில் வெறுங்கையோடு போகிறவர்கள் ஏன் போகிறார்கள்?' ஒரு தடவைக்கு ஒன்று போதும்.

இரண்டாம் படி: லாக் கோப்பைக் கையால் படியுங்கள்

உங்கள் மென்பொருள் தேடல்களைச் சேமித்து வைக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இணைய வழங்கியின் (சர்வர்) அணுகல் பதிவிலேயே தேடிய சொற்கள் முகவரியோடு ஒட்டிக் கிடக்க வாய்ப்புண்டு. தமிழ் எழுத்துகள் அதில் சதவீதக் குறியும் எண்ணுமாக உருமாறியிருக்கும், திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

தொடுவதற்கு முன் ஒன்று. 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆராய்ச்சிக்கு உதவட்டும் என்று சுமார் 6.5 லட்சம் பேரின் மூன்று மாதத் தேடல்களை, ஏறக்குறைய 2 கோடி, வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு எண்களைப் போட்டிருந்தார்கள். சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் ஒரு எண்ணின் தேடல்களை மட்டும் வைத்து ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த ஒரு பெண்மணியின் வீட்டுக்கே போய்விட்டார்கள். தேடல் என்பது ஒருவர் யாரிடமும் சொல்லாததைத் தட்டும் இடம். எனவே உறுப்பினர் எண்ணையும் கணினி முகவரியையும் முதல் நாளே அழித்துவிடுங்கள். ஒருவர் ஒரே மூச்சில் செய்யும் தேடல்களை ஓர் அமர்வு என்போம், அதற்கு ஒரு தற்காலிக எண் மட்டும் இருக்கட்டும். கோப்பு பொதுக் கணினியில் கிடக்கக் கூடாது.

அப்புறம் அமர்வுகளைப் பிரியுங்கள். 30 நிமிடம் இடைவெளி விழுந்தால் புது அமர்வு என்று வைத்துக்கொள்வது துறையில் வழக்கம். நூலகத்தின் பொதுக் கணினியில் ஆட்கள் மாறி மாறி உட்காருவார்கள் என்பதால் அங்கே அதைவிடக் குறைவாக வையுங்கள். பிறகு குலுக்கல் முறையில் 400, 500 தேடல்களை எடுத்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். 'அதிகம் தேடப்பட்ட பத்து' என்ற பட்டியலை நம்பி இறங்க வேண்டாம். அடிக்கடி வருபவை பாடத்திட்டத்தில் உள்ள நூல்களாகத்தான் இருக்கும். சிக்கல்கள் ஒரே ஒரு முறை வந்த தேடல்களில்தான் ஒளிந்திருக்கும்.

விரிதாளில் தட்டிய சொல், எந்த எழுத்தில், எத்தனை விடை வந்தது, அடுத்து என்ன தட்டினார் என்று பத்திகள் போடுங்கள். அந்தக் கடைசிப் பத்திதான் பொன். ஒருவர் முதல் சொல்லை எப்படி மாற்றினார் என்பது அவர் என்ன நினைத்தார் என்பதைக் காட்டிவிடும்.

விடை எதுவும் வராத தேடல்களைத் தனியாகப் பிரித்து, காரணம் எழுதுங்கள். தமிழில் எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்தவை இவை. வேற்றுமை உருபு ஒட்டினால் சொல்லே மாறிவிடும்: 'மரம்' என்று தேடினால் 'மரத்தின்' வராது, ஏனென்றால் அதற்குள் 'மரம்' இல்லை. சரி என்று 'மர' வரை வெட்டித் தேடினால் மரபும் மரணமும் கூடவே வந்து நிற்கும். சந்தி இன்னொன்று: ஏரி பாசனம், ஏரிப் பாசனம், ஏரிப்பாசனம் மூன்றும் கணினிக்கு வெவ்வேறு. பெயர்கள் பெரும்பாடு. உ.வே.சா., சாமிநாதையர், சாமிநாதய்யர், சுவாமிநாத ஐயர் எல்லாம் ஒருவரே என்று பதிவேட்டில் யாராவது எழுதி வைத்திருந்தால்தான் கணினிக்குத் தெரியும்.

கண்ணை ஏமாற்றுவதும் உண்டு. 'கொ' என்பதை ஒருங்குறியில் (யூனிகோட்) இரண்டு வகையாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என இரண்டாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் செய்யாத அமைப்பு அவற்றை வேறு வேறு சொல்லாக நினைக்கும். துணைக்காலுக்குப் பதில் 'ர' தட்டியிருப்பார்கள். 'ஔ' வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்து இருக்கும். பாமினி, டாப் போன்ற பழைய குறியீடுகளிலிருந்து மாற்றிய பதிவுகளில் இப்படி நிறையக் கிடைக்கும். வாசகர் சரியாகத் தட்டியிருப்பார், தவறு நம் பதிவில் இருக்கும். இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. எத்தனை பேர் 'எனக்குத்தான் தேடத் தெரியவில்லை' என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

இவை எல்லாவற்றையும் நிரல் எழுதுபவர் ஒருவர் பெருமளவு சரிசெய்துவிடலாம். சொல் வேறு, பொருள் ஒன்று என்ற சிக்கல் மட்டும் அப்படித் தீராது. வடமாவட்டத்தில் ஏரி, தாங்கல். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய், ஏந்தல். நெல்லையில் குளம், இலங்கையிலும் குளம். இதற்கு ஊர் தெரிந்த மனிதர் வேண்டும்.

லாக் கோப்பு சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. கிளிக் இல்லை என்றால் தோல்வி என்று பொருள் இல்லை. விடைப் பட்டியலிலேயே அலமாரி எண் தெரிந்திருந்தால் அதைக் குறித்துக்கொண்டு நேராக அலமாரிக்குப் போயிருப்பார். கிளிக் செய்தார் என்பதாலேயே கிடைத்துவிட்டது என்றும் ஆகாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் யோவாகிம்ஸ் குழுவினர் கண் அசைவைப் பதிவு செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், தேடுபொறி தந்த முதல் இரண்டு விடைகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் பெரும்பாலானோர் மேலே இருந்ததையே கிளிக் செய்தார்கள். மேலே இருப்பது நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அவ்வளவு வலுவானது. அதனால் அடுத்த படியைத் தவிர்க்க முடியாது.

மூன்றாம் படி: பக்கத்தில் உட்காருங்கள்

ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். முதலாம் ஆண்டு மாணவர், ஆய்வு மாணவர், ஆசிரியர், தமிழ் மட்டும் தட்டுபவர், தமிழ் தட்டவே தெரியாதவர் என்று கலந்து எடுங்கள். ஐந்து பேரைப் பார்த்தாலே பெரிய சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டுச் சோதனை நிபுணர் யாகோப் நீல்சன் சொன்னது சிக்கல்களைக் கண்டுபிடிக்கத்தான். 'அறுபது சதவீதம் பேருக்குப் பிடித்தது' என்று எழுத அந்த ஐந்து பேர் போதாது.

பணி கொடுக்கும்போது சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள். 'ஏரிப் பாசனம் பற்றிய நூல்களைத் தேடுங்கள்' என்றால் அவர் அதையே தட்டுவார், உங்களுக்கு எதுவும் தெரியவராது. 'மழைத் தண்ணீரைத் தேக்கி வைத்து ஊர் வயலுக்கு எப்படிப் பகிர்ந்து விட்டார்கள் என்று நீங்கள் ஒரு கட்டுரை எழுத வேண்டும்' என்று சூழ்நிலையைச் சொல்லுங்கள். சொல்லை அவர் தேர்ந்தெடுக்கட்டும். அதைவிட நல்லது, அவர் கையிலேயே இருக்கும் ஒரு வேலையைத் தேடச் சொல்வது. நான் பாதிக்குப் பாதி வைத்துக்கொள்வேன். கொடுத்த பணியில் ஆட்களை ஒப்பிடலாம், சொந்தப் பணியில் உண்மை தெரியும்.

தேடும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பேசாதீர்கள். இதுதான் கஷ்டம். விடை பக்கத்து அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே சும்மா உட்கார ஒரு நூலகருக்கு மனம் வராது. ஆனாலும் உட்காருங்கள், தேடி முடித்த பிறகு உதவுங்கள். நடுவில் அவர் மௌனமானால் 'இப்போ என்ன நினைக்கிறீங்க?' என்று மட்டும் கேளுங்கள். 'ஏன் அப்படித் தட்டினீங்க?' என்று கேட்டால் அந்த இடத்திலேயே ஒரு காரணத்தை உருவாக்கிச் சொல்லிவிடுவார்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் மரியாதை. சோதிப்பது கணினியைத்தான், உங்களை இல்லை என்று எவ்வளவு சொன்னாலும், கடைசியில் எப்படி இருந்தது என்று கேட்டால் 'நல்லாத்தான் இருக்கு மேடம்' என்பார்கள். பத்து நிமிடம் தடுமாறியவரும் அதையேதான் சொல்வார். சொன்னதையும் செய்ததையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். இரண்டும் முரண்பட்டால் செய்ததை நம்புங்கள். முடிந்தால் அந்த நூலகத்தில் வேலை பார்க்காத ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும்.

எந்த நேரத்தில் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். மாணவர்கள் ஒரு கட்டுரைக்காகத் தகவல் திரட்டும் போக்கைப் பல ஆண்டுகள் கவனித்த கேரல் குல்தாவ், தலைப்பை எடுத்தபின் துழாவத் தொடங்கும் கட்டத்தில் குழப்பமும் தயக்கமும் கூடுகின்றன என்று காட்டினார். ஒப்படைப்புக்கு முந்தைய வாரம் மட்டும் பார்த்தால் தெளிவடைந்தவர்கள்தான் உங்களுக்குக் கிடைப்பார்கள். அமெரிக்கத் தகவலியல் அறிஞர் மார்சியா பேட்ஸ் 1989-ல் தேடலைக் காட்டில் பழம் பறிப்பதோடு ஒப்பிட்டார். ஒரே இடத்தில் எல்லாம் கிடைப்பதில்லை, இங்கொன்று அங்கொன்று பறிக்கப் பறிக்க, என்ன வேண்டும் என்பதே மாறிப்போகிறது. ஆகவே 'கடைசியில் கிடைத்ததா' என்று மட்டும் எழுதாமல், எந்த இடத்தில் கேள்வி திரும்பியது என்று குறியுங்கள்.

உதவி மேசையில் ஒரு நோட்டு வைப்பதையும் மறக்க வேண்டாம். வாசகர் வாயால் கேட்டது ஒரு பக்கம், பேசிப் பேசி உண்மையில் வேண்டியது என்னவென்று தெரிந்தது எதிர்ப்பக்கம். டெய்லர் சொன்ன நாலு நிலையும் அந்த நோட்டில் கண்ணெதிரே கிடக்கும்.

நான்காம் படி: சோதனைத் தொகுப்பு

இதுவரை சிக்கல்களைப் பார்த்தோம். இனி அளப்பது. அதற்கான வழியை வகுத்தவர் சிரில் கிளெவர்டன். இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு வானூர்திக் கல்லூரியின் நூலகர். 1950-களின் கடைசியில், ஆவணங்களைத் தேடி எடுக்க உதவும் நாலு வகை அட்டவணை முறைகளை மோதவிட்டுப் பார்த்தார். அதில் ஒன்று, சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் சிந்தனையிலிருந்து கிளைத்த, ஒரு பொருளைப் பல கோணங்களாகப் பிரித்து வகைப்படுத்தும் முகப்பகுப்பு முறை. தேடிய ஆவணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் நாலும் ஏறக்குறைய 74-லிருந்து 82 சதவீதத்துக்குள் வந்தன. பெரிதாக மதிக்கப்படாத ஒற்றைச் சொல் முறை முன்னால் நின்றது. அடுத்த ஆய்வில் 1,400 ஆய்வுக் கட்டுரைகள், 225 கேள்விகள், எந்தக் கேள்விக்கு எது பொருத்தம் என்ற தீர்ப்புகள் என்று ஒரு தொகுப்பே உருவாக்கினார். அதிலும் ஆவணத்தில் உள்ள சாதாரணச் சொற்களே நன்றாக வேலை செய்தன. தேடலை அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது என்று அன்றிலிருந்து துறை கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய ட்ரெக், இந்திய மொழிகளுக்காக 2008-ல் தொடங்கிய ஃபயர் போன்ற தேடல் மதிப்பீட்டுத் திட்டங்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. லாக் கோப்பிலிருந்தும் நோட்டிலிருந்தும் 50 கேள்விகள் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வாசகர் தட்டிய சொல், அவர் தேவை என்ன என்று இரண்டு வரி, எது பொருத்தம் எது இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். சொல்லைத் திருத்தாதீர்கள். 'கண்மாய்' என்று தட்டியவர் கேள்வியில் 'கண்மாய்' என்றே இருக்கட்டும்.

எல்லா நூல்களையும் ஒவ்வொரு கேள்விக்கும் படித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால் ஒரே கேள்வியைப் பல வழியில் ஓட்டுங்கள்: இப்போதைய அமைப்பு, மாற்ற நினைக்கும் அமைப்பு, அனுபவமுள்ள நூலகர் தானே தேடிக் கண்டது. ஒவ்வொன்றின் முதல் 20 விடைகளை ஒரே குவியலாக்கி, இரட்டிப்பை நீக்கி, வரிசையைக் கலைத்துவிடுங்கள். எது எங்கிருந்து வந்தது என்று தீர்ப்பவருக்குத் தெரியக் கூடாது. பொருந்தாது 0, ஓரளவு 1, நன்றாகப் பொருந்தும் 2 என்று மதிப்பெண் போடட்டும்.

பத்துக் கேள்விகளுக்காவது இரண்டு பேர் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கண்டிப்பாக வேறுபடுவார்கள், அதற்காகக் கலங்க வேண்டாம். ட்ரெக் தொகுப்பில் எல்லென் வூர்ஹீஸ் சோதித்தபோது, இருவர் பொருத்தம் என்றவை ஒன்றோடொன்று மேவியது பாதிக்கும் குறைவு. ஆனாலும் எந்த அமைப்பு நல்லது, எது அடுத்தது என்ற வரிசை பெரிதாக மாறவில்லை. ஆகவே ஒப்பீட்டை நம்பலாம், தனி எண்ணை அப்படியே உண்மை என்று நம்ப வேண்டாம்.

ஐந்தாம் படி: எண்கள்

புத்தகம் தெரிந்து வருபவருக்கு, அது எத்தனையாவது இடத்தில் வந்தது என்று பார்த்து ஒன்றை அதனால் வகுங்கள். முதல் இடம் 1, நாலாவது இடம் 0.25, வரவே இல்லை என்றால் 0. இந்த மூன்றின் சராசரி 0.42. அவ்வளவுதான்.

பொருள் தேடுபவருக்கு இரண்டு எண் வேண்டும். முதல் 10 விடையில் 6 பொருத்தம் என்றால் துல்லியம் 0.6. குவியலில் மொத்தம் 24 பொருத்தமான நூல்கள் கிடைத்திருந்தால், அந்த 6 அதில் கால் பங்கு. துறையில் ரீகால் என்பது இதுதான், நான் மீட்பு என்று சொல்வேன். பார்ப்பவருக்கு ஆறு நல்ல விடைகள் தெரியும், திருப்தியாகப் போவார். பதினெட்டு விட்டுப்போனது அவருக்குத் தெரியவே தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டேவிட் பிளேர், மாரன் இருவரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பெரிய வழக்குக்கான 40,000 ஆவணங்களைப் பற்றியது. வழக்கறிஞர்களும் உதவியாளர்களும் கணினியில் தேடி, தேவையானதில் 75 சதவீதமாவது கிடைத்துவிட்டது என்று நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது சுமார் 20 சதவீதம். விபத்தை ஒரு தரப்பு 'விபத்து' என்று எழுதியது, இன்னொரு தரப்பு 'நிகழ்வு', 'சம்பவம்', 'சிக்கல்' என்று எழுதியது. நம் ஏரியும் கண்மாயும்தான் அங்கேயும். தேடுபவரின் திருப்தியை மட்டும் கேட்டு அமைப்பை மதிப்பிட்டால் எவ்வளவு தவறிப்போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க அவர்கள் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். நூலகத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு: அலமாரி. வகைப்பாடு ஒரே பொருளில் உள்ள நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. பாசனத்துக்கான வகை எண் இருக்கும் இடத்துக்கு நடந்து போய், கைக்கு வந்தபடி 30 நூல்களை எடுத்து, ஒவ்வொன்றும் அந்தத் தேடலில் வந்ததா என்று பாருங்கள். ஒரு மதிய வேலை. ஆண்டுக் கணக்கில் யாரும் தொடாத நல்ல நூல்கள் அப்போது கையில் வரும்.

ஆறாம் படி: ஒன்றைத் திருத்தி மறுபடி அளப்பது

50 கேள்விகளில் 15-ஐத் தொடாமல் ஒதுக்கி வைத்துவிடுங்கள். மீதி 35-ஐப் பார்த்துத் திருத்துங்கள். ஒரே சமயத்தில் ஒரு திருத்தம்தான், இல்லையென்றால் எதனால் கூடியது என்று தெரியாது. திருத்தம் நிலைத்தபின் அந்த 15-ஐ ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் கூடியிருந்தால்தான் உண்மையான முன்னேற்றம். சராசரியை மட்டும் பார்க்காமல் கேள்வி கேள்வியாகப் பாருங்கள். 20 கேள்வியில் கூடி 12-ல் குறைந்திருந்தால், அந்த 12-ஐத்தான் முதலில் திறக்க வேண்டும்.

எங்கள் ஏரிக் கேள்வியில் நடந்தது இது. ஏரி, கண்மாய், குளம், ஏந்தல், தாங்கல் ஐந்தையும் ஒத்த சொற்களாகச் சேர்த்தோம். மீட்பு நன்றாகவே கூடியது. ஆனால் 'குளம்' உள்ளே வந்ததும் தெப்பக்குளம், கோயில் திருக்குளம் பற்றிய நூல்களும் மேலே ஏறிவிட்டன, துல்லியம் இறங்கியது. பிறகு அந்த இணைப்பை எல்லாத் தேடலுக்கும் போடாமல், பாசனம், வேளாண்மை என்ற பொருள்தலைப்பு உள்ள பதிவுகளில் மட்டும் மாற்றுச் சொல்லாக எழுதினோம். கையால் எழுத வேண்டியிருந்தது, நாளும் பிடித்தது. இப்போது 'கண்மாய்' என்று தட்டினால் முதல் பக்கத்திலேயே ஏரி நூல்கள் வருகின்றன.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், மென்பொருளைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதே 50 கேள்விகளை ஓட்டுங்கள். கூடவே லாக் கோப்பிலிருந்து ஐந்து புதிய கேள்விகளைச் சேருங்கள், அவற்றுக்கும் தீர்ப்பு எழுதி வையுங்கள். எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்று அதே விரிதாளின் கடைசித் தாளில் குறித்துவிட்டால், உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.